மேலவாசல் வழியே போனவள்

மதுரையில் மேலவாசல் என்று ஒரு இடம் இருக்கிறது. இப்போது அங்கே கோட்டையும் இல்லை, வாசலும் இல்லை, பேர் மட்டும்தான் மிச்சம். கண்ணகி வெளியேறிய மேற்கு வாசல் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் காலத்துக் கோட்டை வேறு, நாயக்கர் காலத்துக் கோட்டை வேறு. ஆனால் தேனி பஸ் பிடிக்க ஆரப்பாளையம் போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்துவிடும்: "கீழ்த்திசை வாயிற் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு." கிழக்கு வாசல் வழியாகப் புருஷனோடு வந்தேன், மேற்கு வாசல் வழியாக ஒன்றுமில்லாமல் போகிறேன். அதைச் சொல்வதற்குச் சற்று முன்னால் கொற்றவை கோயில் வாசலில் கைவளையலை உடைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

அவள் மதுரையை எரித்தாள் என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பிறகு எங்கே போனாள் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். வைகையின் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தாள். மலை ஏறினாள். பதினாலாம் நாள், பூத்த வேங்கை மரத்தடியில் நின்றவளைக் கோவலன் வந்து வானுலகுக்கு அழைத்துப் போனான். அதைப் பார்த்த மலைக்குறவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னார்கள். சிலப்பதிகாரம் சொல்கிற அந்த வழியைக் காலால் நடந்தே தேடியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். 1963-ல் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலையில், வண்ணாத்திப்பாறை உச்சியில் இடிந்து கிடந்த மங்கலதேவி கோயிலை அடைந்து, கண்ணகி கோட்டம் இதுதான் என்றார். வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் அங்கே போகலாம்.

போக வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கூட்டிக்கொண்டு போனது பெரியம்மாதான்.

"எய்யா, கண்ணுக்கு நேந்துக்கிட்டது ஒண்ணு கெடக்கு. வீரபாண்டிக்கு வந்துட்டு அப்படியே மலைக்கும் போயிட்டு வந்துருவோம். இந்த வருசம் ரெண்டும் ஒரே வாரத்துல வருது" என்று போனில் சொன்னார். பெரியம்மாவுக்குச் சின்னமனூர். அறுபத்தாறு வயது. பெரியப்பா போய் எட்டு வருஷம். தை மாதம் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தது. இடது கண்ணை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு கண்ணோட மலை ஏறுவீங்களா?" என்றேன். "காலுதானய்யா ஏறுது" என்றார்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் காற்று மாறிவிடும். தேனியில் இறங்கித் தெற்கே திரும்பினால் பள்ளத்தாக்கு. கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. போகப் போக இரண்டும் நெருங்கி வந்து, கூடலூரைத் தாண்டியதும் குமுளிக்குப் போகிற மலைப்பாதையில் முட்டி நிற்கும். நடுவில் முல்லையாறு, இரண்டு கரையிலும் நெல், தென்னை, வாழை, பந்தல் பந்தலாகத் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை இதுதான். மேற்கு மலை மழையைத் தன் பக்கமே பிடித்து வைத்துக்கொள்கிற இடத்தில், இவ்வளவு பச்சை எப்படி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சுவரில் மாட்டியிருக்கும் ஒரு மீசைக்கார வெள்ளைக்காரர் படத்தைக் காட்டுவார்கள். பெரியம்மா வீட்டுக் கூடத்திலும் அது இருக்கிறது, பழனி முருகனுக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில்.

பென்னிகுவிக். மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றை மலை உச்சியில் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, 1895-ல் அணை. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணீரில் விளைகிறது. மனைவியின் நகையை விற்றுக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் என்ன என்று ஒருமுறை பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன். "நீ சாப்பிடுற சோறுதான் ஆதாரம், தட்டுல வாங்கிக்க" என்று குழம்பை ஊற்றினார். பாலார்பட்டியில் தைப் பொங்கலை அவர் பேரில் வைக்கிறார்கள். அவர் பிறந்த நாளும் ஜனவரி 15-தான்.

வீரபாண்டித் திருவிழா சித்திரைக் கடைசியில், செவ்வாய் தொடங்கி அடுத்த செவ்வாய் வரை. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. தேனியிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான், அன்றைக்கு அந்த எட்டுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பாதி வழியில் இறங்கி நடந்துவிட்டோம். ராட்டினச் சத்தம், வேப்பிலை வாசம், ஆற்றுக்குப் போகிற ஈரப்புடவைகள். தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு வழி விடச் சொல்லி யாராவது கத்திக்கொண்டே இருந்தார்கள். உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு, கையில் வேப்பங்கொத்தோடு சேத்தாண்டி வேஷத்தில் பையன்கள் ஓடினார்கள். என் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை அடையாளம் விழுந்தது. கோபப்படத் தோன்றவில்லை.

கௌமாரியம்மன் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்தது அம்மனுக்கு எதிரே நடப்பட்டிருக்கும் கம்பம். அத்திமரத்தில் மூன்றாகக் கிளை பிரிந்த முக்கொம்பு. திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே நட்டுவிடுவார்கள். அது சிவன் என்பது ஐதீகம், அவரை நினைத்து அம்மன் தவம் இருக்கிறாள். முல்லையாற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து ஆளாளுக்கு அந்தக் கம்பத்தில் ஊற்றுகிறார்கள். ராத்திரி பகல் இல்லாமல் ஊற்றுகிறார்கள். பூசாரி நடுவில் இல்லை, சீட்டு இல்லை, குடம் இருந்தால் போதும். கம்பத்தைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. பெரியம்மா மூன்று குடம் ஊற்றினார். மூன்றாவது குடத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொட்டுமருந்து போட்டுத் தேறி வந்த கண்ணில் ஆற்றுத் தண்ணீரா என்று எனக்குப் பகீரென்றது. "நாலு மாசம் ஆச்சுய்யா, டாக்டரே குளிக்கச் சொல்லிட்டாரு" என்று வாயடைத்துவிட்டார்.

கண்ணுக்கும் இந்த அம்மனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வீரபாண்டியன் என்ற பாண்டிய மன்னனுக்குப் பார்வை போய்விட்டது. இங்கே வந்து கௌமாரியை வேண்டியபோது ஒரு கண்ணும், பக்கத்தில் இருக்கிற ஈசுவரனை வேண்டியபோது இன்னொரு கண்ணும் கிடைத்தது என்பது தலபுராணம். அந்த ஈசுவரன் பேரே கண்ணீஸ்வரமுடையார். ஊர் பேர் ராஜாவுடையது. அதனால் கண்நோய் தீர்ந்தவர்கள், அம்மை இறங்கியவர்கள் எல்லாரும் ஆயிரங்கண் பானை எடுக்கிறார்கள். மண்பானை, உடம்பெங்கும் துளை. தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றி வந்து வைத்துவிட வேண்டும்.

கடைத்தெருவில் பானை வாங்கி என்னிடம் கொடுத்தார். வரிசையில் நிற்கிற நேரத்தில் துளைகளை எண்ணிப் பார்த்தேன், நூறைத் தாண்டவில்லை. "ஆயிரம் இல்லையே" என்றேன். "அம்மனுக்கு அவ்வளவு எண்ணத் தெரியாது, விடு" என்றார். அடுத்த நிமிஷம் தீச்சட்டிக்காரருக்கு எல்லாரும் ஒதுங்கியதில் யாரோ ஒருவர் முழங்கை இடித்து, பானை விளிம்பில் ஒரு சில்லு தெறித்துவிட்டது. அதோடு ஒரு துளையும் போச்சு. எனக்கு உள்ளூர ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டுதல் பானை, அதுவும் கண்ணுக்கு. பெரியம்மா சில்லைக் கீழே தேடி எடுத்து, இடுப்பில் சொருகிக்கொண்டார். "அது எடது கண்ணு. அது இன்னும் ஆபரேசன் ஆகலைல்ல" என்றார். பிறகு மொட்டைக் கை இரண்டையும் தூக்கிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை குச்சனூர் போகலாமா என்று நான்தான் கேட்டேன். சுயம்பு சனீஸ்வரர், சுரபி நதிக்கரை, தினகரன் என்ற ராஜாவும் சந்திரவதனன் என்ற வளர்ப்பு மகனும் வருகிற கதை. எல்லாம் நல்ல கதைதான். ஆனால் வாசலில் எள் விளக்கும் காக்காய்க்குச் சோறும் விற்கிற வேகத்தில் சாமி எங்கேயோ பின்னால் போய்விடுகிறார். ஆடி சனிக்கிழமைகளில் எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அங்கேயே இருக்கும் சோணைக் கருப்பணசாமிக்குச் சாராயப் பாட்டில் காணிக்கையாக வருகிறது. அவருக்கு முன்னால் நின்றபோதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த வரிசையில் யாரும் ஜாதகக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை.

சாயங்காலம் சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர். பெரியம்மாவுக்கு இது பக்கத்து வீடு மாதிரி. செருப்பை மாட்டாமலே போய் வந்துவிடுவார். பூலாச் செடிகளுக்கு நடுவில் கிடைத்த லிங்கம், பால் கொண்டு போனவன் வேர் தடுக்கி விழுந்து கண்டுபிடித்தது. பார்க்கிறவர் உயரத்துக்குத் தக்கபடி தெரிவார் என்பதால் 'அளவுக்கு அளவானவர்' என்று பேர். குழந்தைக்குக் குழந்தை அளவு. நான் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன், எனக்கு ஒரே அளவாகத்தான் தெரிந்தார். பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

இந்த ஊரின் பேர் வரலாற்றுப் புத்தகத்தில் இருப்பது வேறு காரணத்துக்காக. சின்னமனூர்ச் செப்பேடுகள். பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பாண்டியன் கொடுத்த பெரிய செப்பேட்டில் தன் முன்னோர் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லும்போது, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் வருகிறது. மதுரைச் சங்கத்தைப் பற்றி இன்றைக்கு மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒருவகையில் இந்தச் சின்ன ஊருக்குக் கடன்பட்டவர்கள். அந்த ராஜசிம்மன் முதலாம் பராந்தகச் சோழனிடம் தோற்று, இலங்கைக்கு ஓடி, மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டுத் தாய்வீடான சேர நாட்டுக்குப் போனான். அவன் அம்மா வானவன்மாதேவி சேரர் வீட்டுப் பெண். மதுரையில் எல்லாம் போனவர்களுக்கு மேற்கே ஒரு வழி இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் உத்தமபாளையம். காளாத்தீஸ்வரரையும் ஞானாம்பிகையையும் கும்பிட்டுவிட்டு, ஊருக்கு வெளியே கருப்பணசாமி பாறைக்குப் போனோம். பெரிய வெள்ளைப் பாறை. அதன் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சிலர் உட்கார்ந்தபடி, சிலர் நின்றபடி. தலைக்கு மேல் முக்குடை, பார்சுவநாதருக்குப் பாம்புக் குடை. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பேர்கள். அச்சணந்தி என்ற முனிவர் பேரும் அதில் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன சிற்பங்கள். அந்தப் பாறையின் அடிவாரத்தில் கருப்பணசாமி.

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது. கொல்லாமையைப் பேசியவர்கள் மேலே, அரிவாள்காரர் கீழே. பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு குடும்பத்துப் பெரியவர், "மேல இருக்குறது யாரு தாத்தா?" என்று பேரன் கேட்டதற்கு, "அவங்களும் சாமிதான், பேசாத சாமி" என்றார். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை. பேரனும் கேட்கவில்லை. பெரியம்மா கருப்பணுக்குச் சூடம் காட்டிவிட்டு, அதே தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறைக்கும் ஒருமுறை காட்டினார். சமணம் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. சூடம் மட்டும் தப்பாமல் வருகிறது.

கம்பம் ஊரில் கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். அதை அவசரமாகத்தான் பார்த்தோம். ஏனென்றால் பெரியம்மாவுக்கு மாட்டுத் தொழுவுக்குப் போக வேண்டும். நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு. அங்கே சிலை இல்லை, உயிருள்ள காளைதான் தெய்வம். பட்டத்துக்காளை என்பார்கள். கன்னட நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய மக்கள் தங்களோடு கொண்டுவந்த வழிபாடு. ஒரு பட்டத்துக்காளை இறந்தால் அடுத்ததை மனிதர்கள் பார்த்து நியமிப்பதில்லை. மந்தைக்கு முன்னால் கற்பூரம், தேங்காய், பழம் வைத்து ஒரு கட்டுக் கரும்பைப் போடுவார்கள். எந்தக் காளை தானாக வந்து கரும்பில் வாய் வைக்கிறதோ அதற்குப் பட்டம், மஞ்சள், மாலை. மாட்டுப் பொங்கலன்று இங்கே நிற்க இடம் இருக்காது.

நாங்கள் போன மத்தியானம் ஆளே இல்லை. காளை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் காய்ந்த சந்தனம். பெரியம்மா கொண்டுபோன அகத்திக்கீரைக் கட்டை நீட்டினார். எழுந்து வந்து, மோந்து பார்த்து, ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி போய்ப் படுத்தது. "வாங்கிருச்சு" என்று பெரியம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குப் புலிமான்கோம்பை ஞாபகம் வந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் இருக்கிற ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-ல் அங்கே கண்டெடுத்த நடுகல்லில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் "கூடல் ஊர் ஆகோள்" என்று இருக்கிறது. மாடு கவர்ந்த பூசலில் செத்துப்போன ஒருவனுக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் நட்ட கல். கூடல் ஊர் எது என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். கம்பத்தைத் தாண்டினால் அடுத்த ஊர் கூடலூர். பஸ் போர்டிலேயே போட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை, சித்ரா பௌர்ணமி. அதிகாலை மூன்று மணிக்கு வேன். குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறினால் கோயில் பக்கம் வரைக்கும் போய்விடலாம், வனத்துக்குள் மண்பாதை. எனக்கு அதுதான் ஆசை. பெரியம்மா ஒரே பிடியாக நின்றார்: "அவ ஜீப்பிலயா போனா?" ஆகவே கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடி. பேரிலேயே இருக்கிறது, மலைப் பளியர்களின் குடியிருப்பு. அங்கிருந்து மேலே ஆறரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், எல்லாம் ஏற்றம். கோயில் இருக்கிற இடம் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை. புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம், பிளாஸ்டிக் கூடாது. என் இரண்டு தண்ணீர் பாட்டிலும், பூ வைத்திருந்த கவரும், பிஸ்கட் பாக்கெட்டும் அங்கேயே போயின. பெரியம்மாவிடம் பித்தளைத் தூக்குவாளியில் தண்ணீர், வாழை இலையில் மடித்த பூ, துணியில் முடிந்த பச்சரிசியும் வெல்லமும். காவலர் பார்த்துவிட்டு, "இந்த ஆத்தாவப் பார்த்துப் பழகுங்க சார்" என்றார். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஏறினோம். பிறகு பேச்சு நின்றது. கல்லும் வேரும் மாறி மாறி வந்தன. மரங்களுக்கு நடுவில் எறும்பு வரிசை மாதிரி ஜனம். கைக்குழந்தையோடு ஒருத்தி, தோளில் கரும்புத் தொட்டில் கட்டி ஒரு ஜோடி. ஊன்றுகோல் விற்கிற பையனிடம் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். கண்ணகி நடந்ததை இளங்கோ சொல்கிற இடத்தில் ஒரு வரி உண்டு: "அவல என்னாள் அவலித்து இழிதலின், மிசைய என்னாள் மிசைவைத்து ஏறலின்." பள்ளம் என்று பார்க்கவில்லை, மேடு என்று பார்க்கவில்லை, இறங்கி ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள். வகுப்பில் படித்தபோது சோகம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய வரி. மூன்றாவது கிலோமீட்டரில், ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான், அது வெறும் சோகம் இல்லை, ஒரு மலையை நேரில் ஏறிப் பார்த்தவன் எழுதியது என்று பட்டது. சேரன் தம்பி என்கிறார்களே, ஏறித்தான் இருப்பான்.

பெரியம்மா எனக்கு முன்னால் இருபது அடியில் போய்க்கொண்டே இருந்தார்.

மரங்கள் முடிந்து புல்வெளி வந்ததும் காற்று அறைந்தது. அதற்கு மேல் கோயில். கோபுரம், விமானம் என்று எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய கருங்கல் மதில், கூரை போன சன்னதிகள், சரிந்த கற்கள், அதன் மேல் பாசி. இரண்டு மாநிலமும் தன்னுடையது என்று சொல்கிற எல்லை. அதனால் தமிழ்நாட்டுப் போலீஸ், கேரளப் போலீஸ், இரண்டு வனத்துறை, மலையாளத்தில் ஒரு அறிவிப்பு, தமிழில் ஒரு அறிவிப்பு. ஒரு நடையில் மலையாள முறையில் பூஜை, இன்னொரு நடையில் தமிழில் போற்றி. இத்தனை பேர் காவல் காத்தும் கல் மட்டும் வருஷத்துக்கு வருஷம் சரிந்துகொண்டுதான் இருக்கிறது என்று, வருஷம் தவறாமல் வருகிற ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஒரு நாள் திறந்து முன்னூற்று அறுபத்து நாலு நாள் பூட்டுவது காட்டுக்கு நல்லதாக இருக்கலாம், கோயிலுக்கு இல்லை.

வரிசையில் ஒன்றரை மணி நேரம். உள்ளே பட்டுச் சேலை கட்டி, பூவால் மூடி, கண்ணகி. பத்து விநாடிகூடப் பார்க்க விடவில்லை. அந்தப் பத்து விநாடியில் பெரியம்மா ஒன்றும் வேண்டிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கை கூப்பவும் இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார், ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரியைப் பார்க்கிறவர் மாதிரி.

வெளியே பிரசாதம். பெண்களுக்கு மஞ்சள், குங்குமம், தாலிக்கயிறு, கண்ணாடி வளையல். கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், கை எந்திரம் மாதிரி ஓடியது. பெரியம்மா முறை வந்ததும் அந்தக் கை நின்றது. நெற்றியில் திருநீறு மட்டும், கழுத்தும் கையும் மொட்டை. அவள் வளையலைப் பின்னுக்கு இழுத்து, தட்டிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைத் தேடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"வளையலே குடு தாயி" என்றார் பெரியம்மா.

அந்தப் பெண் தயங்கினாள். "இல்ல ஆத்தா, இது வந்து..."

"உள்ள இருக்கவளும் ஒடைச்சுப்புட்டு வந்தவதான."

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் பெரியம்மா முகத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு பச்சை வளையலை எடுத்து, கையில் கொடுக்காமல், தானே மணிக்கட்டைப் பிடித்து மாட்டிவிட்டாள். உழவு வேலை பார்த்த கை, எலும்பு பெரிசு, எளிதில் ஏறவில்லை. கட்டைவிரலை மடக்கச் சொல்லி, அமுக்கி அமுக்கி ஏற்றினாள்.

பெரியம்மா மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. அறுத்த வயலும் பச்சைத் தோப்புமாகக் கட்டம் கட்டமாக. நடுவில் கோணலாக ஆறு. ஜூன் முதல் தேதி வழக்கமாகத் தண்ணீர் திறப்பார்கள், அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கம்பம் எது, உத்தமபாளையம் எது என்று நான் விரலை நீட்டி யூகித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா நான் சொன்ன இரண்டையும் தப்பு என்றார். அந்தப் பக்கம் பொங்கல் வெந்தது. மணிமேகலை பேரைச் சொல்லி ஒரு அட்சய பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்து, சோறு போட ஆரம்பித்தார்கள். வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை. பசியில் இரண்டு தடவை வாங்கினேன். மூன்றாவது தடவை போட்டவரே சிரித்துவிட்டார்.

இரண்டரைக்குள் கிளம்பச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இறக்கம் ஏற்றத்தைவிடக் கஷ்டம் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. அடிவாரம் வந்தபோது மலையில் சாய்ந்து இறங்கும் மின்நிலையத்துக் குழாய்களுக்கு மேல் வெயில் மஞ்சளாகிவிட்டது. வேனில் ஏறினதும் தூங்கிவிட்டேன். லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைக் கடக்கும்போது பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாராம், டிரைவர் பிறகு சொன்னார்.

ராத்திரி சின்னமனூர் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டிப் போட்டு, பெரியம்மாவே தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து என் முழங்காலில் தேய்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. மேகமலைக்கு மேல் சித்திரை நிலா முழுசாக ஏறியிருந்தது. தெருவிளக்குகூட வேண்டாம் போல வெளிச்சம்.

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, பெரியம்மா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நிலாவைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். மறுபடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் இரண்டு வளையலும் மோதிக்கொண்டன.

"எய்யா, இதுல பார்த்தா மஞ்சளா இருக்கு. இதுல பார்த்தா பால் மாதிரி வெள்ளையா இருக்கு."

"வெள்ளைதான் சரி பெரியம்மா. அது புரை எடுத்த கண்ணு."

"அப்ப இம்புட்டு நாளும் மஞ்சளா பார்த்தேனே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. மறுபடி கண்ணை மாற்றிப் பொத்திக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.